மலை போல

மலை போல நில்லுங்கள் என்றார் துஷ்யந்தி மிஸ்.
சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.
பின் வரிசையில் ஒரு சிரிப்பு தொடங்கி
அடங்காமல் முன்னுக்கு வந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்.
எங்கள் இடுப்புவலிக்கு
குளிசையோடு ஆறு பாயும் கொண்டுவந்தவர்.
கார்த்திகை மழையின் ஒன்பதாம் நாள் இரவு
எங்கள் மலை நிற்கவில்லை, மிஸ்.
எழுந்து நடந்தது.
மாரியம்மன் கோயிலை விட்டுவிட்டு
எட்டுக் காம்பராவை எடுத்துக்கொண்டு
ஆற்றுக்குப் போனது.

யோகா என்றார்.
நமக்கெல்லாம் ஏது யோகம் என்றாள் யோகராணி,
அதைப் பேரில் மட்டும் வைத்திருக்கிறவள்.

இரண்டு பாதத்திலும் எடையைச் சமமாக வையுங்கள்.
எனக்கு அது வரவில்லை.
இருபத்திரண்டு வருஷம் சரிவில் நின்ற கால்கள்.
வலது மேலே, இடது கீழே,
ஒரு முழங்கால் எப்போதும் மடங்கி.
பள்ளிக்கூடத்துச் சிமெந்துத் தரை மட்டமாக இருந்தது.
அதனாலேயே விழப் பார்த்தேன்.
மட்டமான இடத்தில் நான் நின்றதெல்லாம்
பெரட்டுக் களத்தில்தான்.
அங்கே நினைப்பு வேறு:
இன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா.

மிஸ் பக்கத்தில் வந்தார், காலைத் திருத்தவில்லை.
மடங்கின காலிலிருந்தே மூச்சை எடுங்கள் என்றார்.

பிறகு பின்னேரங்களில் வந்தோம்.
வாங்குகளைச் சுவரோரம் தள்ளி
ஏழாம் வாய்பாட்டுக்குக் கீழே
ஒற்றைக் காலில் நின்றோம்.
ஸ்டெல்லா கரும்பலகையைப் பிடித்துக்கொள்வாள்,
முந்தானையெல்லாம் சோக்குத் தூள்.
மூச்சை எண்ணச் சொன்னால்
நான் கிலோவில் எண்ணினேன்.
பதினெட்டு வந்ததும் நிறுத்திவிடுவேன். பழக்கம்.

மூச்சின் லயத்தில் இருங்கள் என்றார் ஒருநாள்.
லயத்தில் இருந்துதானே வந்திருக்கிறோம்,
பத்தடிக்குப் பன்னிரண்டு, தகரக் கூரை.
இந்தத் தடவை மிஸ்ஸும் சிரித்தார்.

நாலாவது கிழமை
மல்லாந்து படுங்கள் என்றார்.
சவாசனம்.
பேரைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஒருத்தியும் படுக்கவில்லை.
ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்தாள்.
எல்லார் காதிலும் மண்வெட்டி.
யோகராணியின் புருஷனை எடுத்தது மூன்றாம் நாள்.
மகனை இன்னும் இல்லை.

அவள்தான் முதலில் படுத்தாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து, மடித்து,
தலைக்கு வைத்து,
கைகளை விரித்தாள்.
வயிறு உயர்ந்தது. தாழ்ந்தது.
உயர்ந்தது.
அதையே பார்த்திருந்துவிட்டு
ஒவ்வொருத்தியாய் அவள் பக்கத்தில் படுத்தோம்.

தகரத்தில் மழை பிடித்தது.
என் காது எழுந்து மலைப்பக்கம் ஓடியது.
ஓடட்டும் என்று விட்டேன்.
கொஞ்ச நேரத்தில் அதுவாகத் திரும்பி வந்து
மூக்கு நுனியில் உட்கார்ந்தது.
பயம் போகவில்லை.
அதுவும் மல்லாந்து
பக்கத்துப் பாயில் கிடந்தது.
யோகராணி அழுதாளா, தூங்கினாளா,
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று காலை ஏழாம் நம்பர் மலை.
நெற்றியில் கூடைக் கயிறு,
வலது மேலே, இடது கீழே.
மண்ணைக் கேட்டுக் கேட்டு மிதிக்கிறேன்.
கணுக்காலில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது.
போன மாதமென்றால் அலறியிருப்பேன்,
மண் வருகிறதென்று.

ஒரு மூச்சு விட்டுக் குனிந்து பார்த்தேன்.
அட்டை.
கிள்ளி எடுத்துப் போட்டேன்.
இரத்தம் கொஞ்சம் நின்று வந்தது.
கீழேயிருந்து கங்காணி கத்துகிறார்,
பனி மூடுவதற்குள் கூடை நிறைய வேண்டுமாம்.

நிறையும்.
அடுத்த கொழுந்துக்குக் கை நீட்டினேன்.